தூர அளவைக் குழு மணலி புதுநகர் வந்த வரலாறு

வட கடற்கரைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவிகளுக்கு யாரும் விடுதி ஒதுக்குவதில்லை. அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். இந்தச் செய்தி பல்கலைக்கழகக் கையேட்டில் பதினோரு இடங்களில் தடித்த எழுத்தில் வருகிறது. உரிமையைப் பற்றி ஒரு நிறுவனம் இத்தனை தடவை பேசினால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. மணலி புதுநகர் சைமனின் மகள் ஜானட்டுக்கு அது தெரியாது. படித்தாள், பூரித்தாள், அம்மா டோரதிக்கு வாசித்தும் காட்டினாள்.

ஜானட்டுக்கு விடுதி ஆசையில்லை, அவசியம். பல்கலைக்கழகம் ராயபுரத்தில் இருக்கிறது. அதற்கும் மணலி புதுநகருக்கும் நடுவே ஒரு சாலை இருக்கிறது. சாலையின் மேல் டிரெய்லர்கள் இருக்கின்றன. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் பெட்டி ஏற்றிப் போகிறவை, இறக்கிவிட்டு வருகிறவை, எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டு நிற்கிறவை. முதல் வாரம் ஜானட் காலை ஐந்தரைக்குக் கிளம்பினாள். வேதியியல் ஆய்வகத்தின் கதவை எட்டரைக்குச் சாத்துவார்கள். ஐந்து நாளில் நான்கு நாள் அவள் சாத்திய கதவைத்தான் பார்த்தாள். ஐந்து மணிக்கே கிளம்பிய ஒரு நாள் மட்டும் உள்ளே போக முடிந்தது. வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத விடமாட்டார்கள். ஒரு வருடம் வீண்.

திருவொற்றியூரில் மெட்ரோ இருக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. அந்த நிலையத்துக்கு வந்து சேர்வதற்குத்தான் மூன்று மணி நேரத்தில் இரண்டரை போகிறது.

ஆகவே விடுதித் தேர்வு விழாவுக்கு ஜானட் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். விழா மாலையில் நடந்ததால்தான் அதுவும் முடிந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். விடுதிகளின் தலைமைக் காப்பாளர் முனைவர் திருமாறன் எழுந்தார்.

"மாணவிகளே! விடுதியை யார் வேண்டுமானாலும் தரலாம். லாட்ஜ் வைத்திருப்பவன்கூடத் தருகிறான். நாங்கள் உங்களுக்குத் தேர்வைத் தருகிறோம். நிறை இல்லம், பொறை இல்லம், முறை இல்லம் என்று மூன்று இல்லங்கள். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. தேர்ந்தெடுக்கும் முன் எந்த இல்லத்தையும் நேரில் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பது தேர்வு அல்ல, பாரபட்சம்."

கைதட்டல் எழுந்தது. அடுத்து மூன்று இல்லங்களின் காப்பாளர்களும் தத்தம் இல்லத்தின் பெருமையைச் சொன்னார்கள்.

நிறை இல்லத்து அம்மையார், "எங்கள் அறை ஒவ்வொன்றிலும் மூன்று கட்டில், ஏழு மாணவிகள்," என்றார். "மூன்று கட்டிலில் ஏழாவது ஆளாகப் படுக்கத் தெரிந்த பெண்ணுக்கு நாளைக்கு எந்த அலுவலகத்திலும் நாற்காலி கிடைக்காமல் போகாது. இந்தப் பயிற்சிக்கு நாங்கள் தனிக் கட்டணம் வாங்குவதில்லை."

பொறை இல்லத்து அம்மையார், "எங்களிடம் லிஃப்ட் இருக்கிறது," என்றார். "ஆறு ஆண்டுகளாக இரண்டாம் மாடியிலேயே இருக்கிறது. எங்கும் போய்விடவில்லை. தண்ணீரும் வரும். எப்போது வரும் என்று சொல்ல மாட்டோம். எதிர்பார்ப்புதானே இளமை!"

முறை இல்லத்து அம்மையார் சுருக்கமாக முடித்தார். "நாங்கள் ஒரு குடும்பம். மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவோம். நெருப்புப் பிடித்தால் திறப்பதற்கு மனுக் கொடுக்க வேண்டும்."

ஜானட் பொறை இல்லத்தைத் தேர்ந்தெடுத்தாள். நிற்கிற லிஃப்ட் அவளுக்குப் பழக்கப்பட்ட பொருளாகத் தெரிந்திருக்க வேண்டும்.

விண்ணப்பம் பதினான்கு பக்கம். ஏழாவது கேள்வி: 'இந்த இல்லத்தை ஏன் நேசிக்கிறீர்கள்? நானூறு சொற்களில் எழுதுக.' எட்டாவது கேள்வி: 'மற்ற இரண்டு இல்லங்களை ஏன் நேசிக்கவில்லை? அவற்றின் மனம் புண்படாதவாறு இருநூறு சொற்களில் எழுதுக.' கண்ணால் பார்க்காத கட்டடத்தைச் சின்ன வயதிலிருந்தே நேசிப்பதாக ஜானட் எழுதினாள். இப்படி எழுதுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆய்வகக் கதவை நினைத்துக்கொண்டு எழுதி முடித்தாள்.

ஒன்பதாவது கேள்வியைப் பெற்றோர் தம் கைப்பட நிரப்ப வேண்டும். 'வீட்டிலிருந்து வளாகத்துக்கு உள்ள தூரம்.' பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்.

சைமன் டிரெய்லர் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருடமாகத் துறைமுகத்துக்கும் பெட்டிக் கிடங்குகளுக்கும் போய் வருகிறார். விண்ணப்பத்தை வண்டிக்கே எடுத்துக்கொண்டு போய், வரிசையில் நிற்கும்போது ஸ்டியரிங் மேல் வைத்து, யோசித்து, நல்ல கையெழுத்தில் நிரப்பினார்: 'மூணு மணி நேரம். கப்பல் வந்தா அஞ்சு.'

அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. அந்தத் தொழிலில் யாரும் கிலோமீட்டர் பேசுவதில்லை. சாத்தாங்காடு எவ்வளவு தூரம் என்றால் ஒன்றரை மணி நேரம் என்பார்கள். துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றிருந்தால் ஊரே தள்ளிப்போய்விடும். அவர்களைப் பொறுத்தவரை ஊர்கள் ஒரே இடத்தில் நிற்பவை அல்ல.

விடுதிப் பிரிவில் விண்ணப்பம் வாங்குகிறவர் ஸ்டானிஸ்லாஸ். ராயபுரத்துக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தக் கட்டத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? கதை எழுதிக்கீறாரு உங்க நைனா. கம்ப்யூட்டர்ல நம்பருக்குத்தான் எடம் கீது."

"சார், அவரு அப்டித்தான் சார் சொல்லுவாரு. கிலோமீட்டர் கேட்டு நாளைக்கி எழுதிகினு வர்ட்டா?"

"இன்னிக்குத்தான் கடைசி நாளு. இரு, மூணுன்னு போட்டுர்றேன். அப்பறம் பாத்துக்கலாம்."

அரசு சார்ந்த எந்த இடத்திலும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பதைப்போல நீண்ட ஆயுள் உள்ள வாக்கியம் வேறு இல்லை. மறுநாள் ஜானட்டின் போனுக்குச் செய்தி வந்தது. 'அன்புள்ள மாணவி, உங்கள் வீடு வளாகத்திலிருந்து 3 கி.மீ. நடப்பது உடலுக்கு நல்லது. விடுதி தேவைப்படாதோர் பட்டியலில் இடம்பெற்றமைக்குப் பல்கலைக்கழகத்தின் வாழ்த்துகள்.'

சைமன் படித்தார். மூக்கு விடைத்தது.

"மூணு கிலோமீட்டரா? மணலி மார்க்கெட்டே அத்தவிட தூரம்டி. எந்த பேமானி எழுதனான் இத்த?"

"நீதான் நைனா எழுதன."

அன்றைக்கே சைமன் வண்டியின் மீட்டரைப் பார்த்துக் கணக்கெடுத்தார். பதினெட்டு கிலோமீட்டர், கொஞ்சம் கூட. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சாலையின் நீளம் அவருக்குத் தெரிந்தது. "அவ்ளோதானா?" என்று அவருக்கே ஏமாற்றம்.

பதினெட்டும் போதாது. இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் வசிப்பவர்களுக்குத்தான் தேர்ந்தெடுக்கும் உரிமை. இது கையேட்டின் பன்னிரண்டாவது இடத்தில், தடிக்காத எழுத்தில் இருந்தது. ஜானட் மேல்முறையீடு எழுதிக்கொண்டு திருமாறனைப் பார்க்கப் போனாள். சைமனும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூடவே போனார்.

திருமாறன் நல்லவர். உட்காரச் சொன்னார். முழுவதையும் கேட்டார்.

"அம்மா, நீ கேட்பது காலத்தைப் பற்றி. விதி பேசுவது தூரத்தைப் பற்றி. காலம் வேறு, தூரம் வேறு. முதலாண்டு இயற்பியலிலேயே இது வந்துவிடும். நீ ஆய்வகத்துக்கு ஒழுங்காக வந்திருந்தால் தெரிந்திருக்கும்."

"வர முடியலன்னுதான் சார் விடுதி கேக்கறேன்."

"ஏன் வர முடியவில்லை?"

"டிரெய்லரு சார். ரோடு பூரா டிரெய்லரு."

திருமாறன் விண்ணப்பத்தைப் புரட்டினார். "தந்தை தொழில், டிரெய்லர் ஓட்டுநர்." கண்ணாடிக்கு மேலாகச் சைமனைப் பார்த்தார். "அப்படியானால் உங்கள் வீட்டிலிருந்தே ஒருவர் சாலையை அடைக்கிறார். அதனால் உங்கள் வீட்டிலிருந்தே இன்னொருவர் தாமதமாக வருகிறார். குடும்பப் பிரச்சினையில் பல்கலைக்கழகம் எப்படித் தலையிடும்?"

சைமனுக்கு வாய்வரை வந்துவிட்டது. மகளின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். "சார், நா ஒருத்தன் வண்டிய ஓரங்கட்டனா ரோடு தொறந்துகினு பூடுமா? நீங்களே ஒரு தபா வந்து பாருங்க சார். ஒரே தபா."

மேல்முறையீடு வந்தால் குழு அமைக்க வேண்டும் என்பது விதி. தூர அளவைக் குழு அமைந்தது. திருமாறன் தலைவர். அளவு நாடாவோடு புவியியல் துறையிலிருந்து ஒருவர், கூட்டிப் பார்ப்பதற்குக் கணிதத் துறையிலிருந்து ஒருவர். விண்ணப்பதாரர் வீட்டை அடையாளம் காட்ட உடன் வர வேண்டும். காலை பத்து மணிக்கு வளாகத்திலிருந்து கார் கிளம்பும். மாலை நான்கு மணிக்கு ஆட்சிக்குழுக் கூட்டம் இருக்கிறது, அதற்குள் திரும்பிவிடலாம் என்று திருமாறன் சொன்னார். முடியாது என்று ஜானட் சொல்லியிருந்தால் அவளே குழுவைக் கலைத்ததாக ஆகியிருக்கும்.

தண்டையார்பேட்டைவரை கார் போனது. அதற்குப் பிறகு போனது என்று சொல்ல முடியாது. திருவொற்றியூரில் பதினொன்றரை ஆனது. சாத்தாங்காட்டுக்குச் சற்று முன்னால் கார் நின்றது, நன்றாக நின்றது. முன்னால் ஒரு நீலப் பெட்டி, பின்னால் ஒரு சிவப்புப் பெட்டி, பக்கத்தில் பெட்டியில்லாத ஒரு வண்டி. அதன் நிழலில் ஓட்டுநர் ஒருவர் அடுப்பு மூட்டி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். வெள்ளரிக்காய் விற்கிறவர் காருக்கு ஒருதரம், அரை மணி கழித்து இன்னொருதரம் வந்தார். மூன்றாவது தடவை கணிதத் துறைக்காரரிடம் பேர் சொல்லிப் பேசினார்.

புவியியல் துறைக்காரர் இறங்கி, ஒரு டிரெய்லரின் நீளத்தை நாடாவால் அளந்து குறித்துக்கொண்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வந்ததற்கு எதையாவது அளக்க வேண்டுமே.

ஒரு மணிக்கு எதிர் வரிசையில் ஒரு வண்டியிலிருந்து சைமன் எட்டிப் பார்த்தார்.

"ஜானு! நம்ம காரா அது? இன்னா, தலீவரு வந்துகீறாரா?"

இறங்கி வந்தவர் கையில் டோரதி கட்டிக் கொடுத்த சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. எலுமிச்சம்பழச் சோறு, பொரித்த நெத்திலி. குழு முதலில் மறுத்தது, பிறகு சாப்பிட்டது. திருமாறன் நெத்திலியைத் தலையோடு மென்றபடி, கண்ணை மூடி, ஒரு மனிதனாகக் கேட்டார்: "இன்னும் எவ்வளவு தூரம் சைமன்?"

"ரெண்டு மணி நேரம் சார்."

"ரெண்டு மணி நேரமா!"

"கப்பல் ஒண்ணு வந்துகீதுன்றாங்க. மூணுன்னு வெச்சிக்கங்க."

திருமாறன் தலையில் கை வைத்தார். 'கிலோமீட்டரில் சொல்லுங்கள்' என்று அவர் கேட்கவில்லை. ஜானட் இதைக் கவனித்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. புரிந்துவிட்டது, இவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தாள். முன்சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

ஆண்டார்குப்பம் தாண்டும்போது திருமாறனின் முகம் மாறத் தொடங்கியது. நெத்திலி காரணம் இல்லை, வழிநெடுகத் தின்ற வெள்ளரிக்காய். காலை பத்து மணியிலிருந்து மனிதர் எங்கும் இறங்கவில்லை. மணலி புதுநகரில் நுழைந்ததும் ஒரு கல்யாண மண்டபம் கண்ணில் பட்டது. "நிறுத்து, நிறுத்து!" என்று கதவைத் திறந்துகொண்டு ஓடினார். பல்கலைக்கழக வரலாற்றில் ஒரு தலைமைக் காப்பாளர் ஓடியது அதுவே முதல் முறை.

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவரின் முகத்தில் ஒளி இருந்தது.

"பன்னிரண்டு," என்றார். "பன்னிரண்டு கழிப்பறைகள். எல்லாவற்றிலும் தண்ணீர். நமது மூன்று இல்லங்களிலும் சேர்த்து..." என்று ஆரம்பித்து, ஜானட் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சார், எங்க வூடு இங்கேர்ந்து முந்நூறு மீட்டர்தான். அம்மா சங்கரா மீன் கொழம்பு வெச்சிகினு ஒக்காந்துகீறாங்க."

"மூன்றரை ஆகிவிட்டதம்மா. மீதியை அனுமானித்துக்கொள்கிறோம்."

கார் திரும்பியது. குழு ராயபுரம் போய்ச் சேர்ந்தபோது ஆட்சிக்குழுக் கூட்டம் முடிந்து, சமோசாத் தட்டுகளையும் எடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். ஜானட் மட்டும் இறங்கி வீட்டுக்குப் போனாள். "வர்ல மா," என்றாள். டோரதி குழம்பை மூடி வைத்தார்.

பத்து நாளில் முடிவு வந்தது. உறைக்குள் ஒரு தாளுக்குப் பதிலாக இரண்டு தாள்கள் இருந்தன. அவசரத்தில் சேர்த்துப் பின் அடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

முதல் தாள், குழுவின் அறிக்கை. 'விண்ணப்பதாரரின் வீடு 18.4 கி.மீ. தொலைவில் உள்ளது. பயணத்தின்போது வாகனம் பெரும்பாலும் நின்றிருந்தது. நின்ற நேரத்தில் தூரம் சிறிதும் கூடவில்லை என்பதைக் குழு நேரில் கண்டறிந்தது. மணலி புதுநகர் வளாகத்துக்கு மிக அருகில் உள்ளதால் விடுதி தேவையில்லை.'

இரண்டாவது தாள், ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கு வராததற்குத் திருமாறன் எழுதிய விளக்கக் கடிதம். 'அலுவல் நிமித்தம் சென்ற ஊராகிய மணலி புதுநகர் வெகு தொலைவில் உள்ளதால், எவ்வளவு முயன்றும் அன்றே திரும்பிக் கூட்டத்தில் கலந்துகொள்ள இயலவில்லை.'

இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே தேதி. ஜானட்டுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இரண்டு தாளையும் ஸ்டானிஸ்லாஸின் மேஜைமேல் வைத்தாள்.

"இதுல எது சார் நெசம்?"

ஸ்டானிஸ்லாஸ் பொறுமையாகப் படித்தார். முப்பது வருட அனுபவம்.

"ரெண்டுமே கரீட்டும்மா. ஐயா இங்கேர்ந்து அங்க போனாரு, அது தொலைவு. நீ அங்கேர்ந்து இங்க வர்ற, அது பக்கம். ஃபைலு அப்டித்தான் பேசும். நீ ஏன் பேஜாராவுற?" குரலைத் தாழ்த்தினார். "உனுக்கு ஒரு நல்ல சேதி வந்துகினு கீது. யாராண்டயும் சொல்லாத."

நல்ல சேதி அடுத்த வாரம் வந்தது. நிறை இல்லத்தில் ஒரு அறைக்கு ஒன்பது பேர் ஆகிவிட்டதால், பல்கலைக்கழகம் நான்காவதாக ஓர் இல்லம் திறக்கிறது. பெயர், துறை இல்லம். இடம், மணலி புதுநகர். பன்னிரண்டு கழிப்பறைகள் கொண்ட அந்தக் கல்யாண மண்டபத்தையே வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். அவ்வளவு தூரத்தில் விடுதியா என்று ஆட்சிக்குழுவில் யாரோ கேட்டிருக்கிறார்கள். மணலி புதுநகர் வளாகத்துக்கு மிக அருகில் உள்ளது என்று தூர அளவைக் குழுவே நேரில் கண்டறிந்திருக்கிறது என்று திருமாறன் அறிக்கையை எடுத்து வைத்தார். கேள்வி அடங்கியது.

ஜானட் மறுபடியும் தேர்வுப் படிவம் நிரப்ப அழைக்கப்பட்டாள். இப்போது படிவத்தில் ஒரே ஓர் இல்லத்தின் பெயர்தான் இருந்தது. அதற்கு எதிரே 'விரும்புகிறேன்' என்று ஒரு கட்டம். 'விரும்பவில்லை' என்ற கட்டம் அச்சாகவில்லை.

"சார், எனக்கு வேணாம் சார். எங்க வூட்டாண்டயே கீது சார் அது."

"மேல்முறையீடு செஞ்சவங்க ஒதுக்கனத வேணான்னா அட்மிஷனே கேன்சலும்மா. ரூலு. டிக் அடிச்சிட்டுப் போ," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

டிக் அடித்தாள். அடித்த பேனா தாளைக் கிழித்தது.

திறப்பு விழாவில் திருமாறன் உருக்கமாகப் பேசினார். "தொலைவு என்பது மனத்தில்தான் இருக்கிறது. இந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் நீங்கள் வளாகத்துக்குள் இருக்கிறீர்கள். எனவே இங்கிருந்து வளாகத்துக்குத் தூரம் பூஜ்யம்." அதை அப்படியே எழுதி, 'வளாகம் 0 கி.மீ.' என்று வாசலில் பலகையும் மாட்டினார்கள்.

மணமேடையில் பதினெட்டுக் கட்டில்கள். பின்சுவரில் ஜிகினா எழுத்தில் 'நல்வரவு' அப்படியே இருந்தது. காப்பாளர் மணமகள் அறையில் குடியேறினார். ஜானட்டுக்குப் பக்கத்துக் கட்டில் இசக்கி, தென்காசிப் பக்கம். அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வந்து, கையேட்டைப் படித்து, முறை இல்லத்தைத் தேர்ந்தெடுத்தவள்.

"ஏட்டி, யுனிவர்சிட்டி எங்கன இருக்கு? வாசல்ல பூஜ்யம்னு போட்ருக்கு. ஒரு கட்டடத்தையும் காங்கலையே."

"மூணு மணி நேரம்," என்றாள் ஜானட். "கப்பல் வந்தா அஞ்சு."

இசக்கி சிரித்தாள். மறுநாள் சிரிக்கவில்லை.

துறை இல்லத்தின் கதவை விதிப்படி காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். வீட்டிலிருந்தபோது ஐந்து மணிக்குக்கூடக் கிளம்ப முடிந்த ஜானட், விடுதி கிடைத்த பிறகு ஆறுக்குக் கிளம்பினாள். ஆய்வகத்துக்கு ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தாள். வளாகத்திலேயே வசிப்பவர்கள் தாமதமாக வர வழியில்லை என்பதால் அவர்களுக்குத் தாமதம் என்ற பதிவே கிடையாதாம். இதைக் கேட்டு முதலில் சந்தோஷப்பட்டவள் ஜானட்தான். தாமதம் கிடையாது என்றால் வரவில்லை என்று போடுவார்கள் என்பது பிறகு தெரிந்தது.

மதிய வகுப்புகளை ஒன்றுவிடாமல் பிடித்ததால், பருவத்தின் கடைசி வாரத்துக்கு முன்னால் அவள் மொத்த வருகை எழுபத்தைந்துக்குச் சரியாக ஒரு மயிரிழை மேலே நின்றது. வியாழக்கிழமை கடைசி ஆய்வக வகுப்பு. அதைத் தவறவிட்டால் வருடம் போச்சு. புதன்கிழமை வீட்டில் படுத்து, விடியலில் ஐந்து மணிக்குக் கிளம்பினால் பிடித்துவிடலாம். மொட்டை மாடியில் நின்றால் வீடு தெரிகிறது. கொடியில் டோரதி காயப்போட்ட அப்பாவின் காக்கிச் சட்டை தெரிகிறது. முந்நூறு மீட்டர்.

திங்கட்கிழமை காப்பாளரிடம் ஒருநாள் வீட்டுக்குப் போக விடுப்புக் கேட்டாள்.

"சொந்த ஊர் விடுப்பா? இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் ஊர் உள்ளவர்களுக்குத்தான் உண்டு. உன் வீடு எவ்வளவு தூரம்?"

ஜானட் பேனாவை எடுத்தாள். விடுப்புப் படிவத்தில் தூரம் என்ற கட்டத்தில் 'வெகு தொலைவு' என்று எழுதினாள். ஆதாரமாகத் தலைமைக் காப்பாளரின் விளக்கக் கடிதத்தை, அந்த இரண்டாவது தாளை, நகல் எடுத்து இணைத்தாள். மணலி புதுநகர் வெகு தொலைவில் உள்ளது என்று பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு இருக்கிறது, யார் மறுப்பார்கள்? இசக்கி அவள் தோளைத் தட்டினாள். "மாட்டிக்கிட்டாவ," என்றாள்.

புதன்கிழமை மாலை பதில் வந்தது.

'தங்கள் விண்ணப்பம் ஆதாரத்துடன் இருப்பதால் மறுக்கப்படவில்லை. எனினும் துறை இல்லத்திலிருந்து தங்கள் வீடுவரையுள்ள பகுதி சென்ற பயணத்தில் அளக்கப்படாமல் அனுமானிக்கப்பட்டது என்பது கோப்பில் தெரியவருகிறது. எனவே தூர அளவைக் குழு வியாழக்கிழமை நேரில் வந்து அளக்கும். வீட்டை அடையாளம் காட்ட விண்ணப்பதாரர் காலை பத்து மணிக்கு ராயபுரம் வளாகத்தில் ஆஜராகி, குழுவின் காரில் உடன் வர வேண்டும். தவறினால் விண்ணப்பத்தோடு ஒதுக்கீடும் சேர்க்கையும் ரத்தாகும். குழுவுடன் பயணம் செய்வது வருகையாகக் கருதப்பட மாட்டாது.'

ஜானட் அதை இரண்டு தடவை படித்தாள். இந்தத் தடவை அழுகை வரவில்லை. ஆத்திரம்கூட எங்கோ வரிசையில் மாட்டிக்கொண்டு நின்றது.

வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கதவு திறந்தது. 'வளாகம் 0 கி.மீ.' பலகைக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்றாள். எதிர்ச் சாரியில் ஆவின் பூத்தில் பால் வாங்கிக்கொண்டு வந்த டோரதி அவளைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடி, வெள்ளென கெளம்பிட்ட? மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி கீது. எங்க போற?"

ராயபுரம் பஸ் வந்தது. அதற்கு முன்னால் பதினாறு டிரெய்லர்கள் நின்றன. ஜானட் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம வூட்டுக்குத்தாம்மா."